கருவாட்டுக்கு ஏற்ற எழுத்து

எங்கள் கருவாட்டுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று அண்ணிக்குத் தோன்றியது பொன்னேரியில் ஒரு கல்யாண வீட்டில். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் போனைத் திறந்து காட்டி, மலைத்தேன் வாங்கிய கதையைச் சொல்லியிருக்கிறார். போனில் பார்த்துப் பிடித்ததைச் சொல்லிவிட்டால் போதுமாம், தேன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமாம். அண்ணி பந்தியில் உட்கார்ந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவைகூட மாற்றாமல் மாடி ஏறி என் அறை வாசலில் நின்றாள்.

"பாப்பா, போன்ல தேனு விக்கிறாங்க. நம்ம கருவாடு இன்னா பாவம் பண்ணிச்சு?"

என்னைக் கேட்டதில் காரணம் இருந்தது. வெப்சைட் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. எந்த நிறம், எந்தப் படம் எங்கே, எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக என்று தீர்மானிக்கிற வேலை. சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கின்போது லேப்டாப்பும் கையுமாகப் பழவேற்காட்டுக்கு வந்தவள், வேலை இங்கிருந்தே நடக்கிறது என்று தெரிந்ததும் திரும்பிப் போகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறையும் ஏரி தெரிகிற ஒரு ஜன்னலும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் போதுமானதாக இருந்தது. அவர் எண்ணூரில் வேலைக்குப் போய்விட்டு பைக்கில் வந்துவிடுவார்.

அண்ணி ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக் கருவாட்டுக் குழு ஒன்று நடத்திவந்தாள். மணலில் போட்டுக் காயவைக்காமல், கழி நட்டு வலை கட்டி, அதன்மேல் மீனைப் பரப்பிக் காயவைப்பார்கள். மண் ஒட்டாது, ஈ குறைவு. நெத்திலி, வாளை, மடவை, சென்னாக்கூனி என்கிற பொடி இறால், பிறகு எங்கள் ஏரி இறால். சரக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் சந்தைக்குத் தூக்கிப்போய் விற்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"செஞ்சி தரேன் அண்ணி. ஒரு மாசம் டைம் குடு" என்றேன். படம் எடுப்பது, பக்கம் கட்டுவது, எல்லாம் எனக்குக் கைவந்த வேலைகள். எழுத்தில் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவே இல்லை.

முதலில் நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு மிக அழகானது. மெலிந்த கோடு, எல்லா எழுத்தும் உருண்டையாக, இடைவெளி விட்டு நிற்கும். அதைக் கறுப்பாகப் போடாமல் சாம்பல் நிறத்தில், வெளிர் பின்னணியில் போட்டேன். சென்னைக் கம்பெனிகள் அப்படித்தான் கேட்கும். லேப்டாப்பில் பார்க்க நகைக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு கூடியது.

மறுநாள் அதைப் போனில் போட்டுக்கொண்டு குழுவிடம் காட்டப் போனேன். நல்ல உச்சி வெயில். பெண்கள் நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போனை வாங்கிப் பார்த்தார்கள். போனைச் சாய்த்தார்கள், நிழலுக்குப் போனார்கள், தலைமேல் முந்தானையைக் கவிழ்த்துக்கொண்டு அதற்குள் பார்த்தார்கள்.

குழுவில் சுண்ணாம்புக்குளத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் அவளுக்குத் தமிழும் தெலுங்கும் ஒன்றுபோல வரும். அவள்தான் கடைசியாகப் போனை வாங்கினாள். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தெலுங்கில் எதையோ எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல தப்பு கீது. அர்த்தமே வர்ல."

"அது தமிழ்டி" என்றேன்.

"தமிழா?"

அவ்வளவுதான். நெத்திலி புரட்டிக்கொண்டிருந்த எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆந்திராக்காரனுக்கும் சேத்து விக்கலாம்னு பாக்குறியா பாப்பா?" என்று கேட்டாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் கையில் இருந்த போனை வாங்கி அந்த வெயிலில் நானே பார்த்தபோது என்ன கோளாறு என்று புரிந்தது. உருண்டு உருண்டு இருந்ததால் எழுத்துகளுக்குள் வித்தியாசமே தெரியவில்லை. அதைவிட மோசம், புள்ளிகளைக் காணோம். மெல்லிய சாம்பல் புள்ளிகள் வெயிலில் அப்படியே கரைந்துபோயிருந்தன. 'இறால் தொக்கு' என்பது 'இறால தொககு' என்று நின்றது. தமிழில் புள்ளி போய்விட்டால் சொல்லே போய்விடுகிறது. இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும், நான் அடித்த பக்கங்களைப் பெரும்பாலும் ஏசி அறையில்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து தடித்த எழுத்துருவுக்குப் போனேன். கோடு தடிமனாக இருந்தால் புள்ளியும் பெரிதாக இருக்கும் அல்லவா? புள்ளி தெரிந்தது. இப்போது சுழிகள் அடைத்துக்கொண்டன. 'நண்டு' என்று எழுதினால் நடுவில் இருக்கும் 'ண்' மூன்று சுழியும் நிரம்பி ஒரு கறுப்புக் கட்டியாகிவிட்டது. அண்ணி அதை உற்றுப் பார்த்தாள்.

"நண்டு இல்ல இது. நண்டு வளை" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. கம்பெனி வேலை முடிந்ததும் தமிழ் எழுத்துருக்களைத் தேடித் தேடி இறக்கினேன். ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் கிடைப்பது தமிழுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், அதிலும் பாதி விழாப் பேனர் எழுத்து. மீதியில் ஒன்றில் எழுத்து நன்றாக இருக்கும், எண்கள் பொருந்தாது. இன்னொன்றில் 'கூ'வின் வால் கீழே நீண்டு அடுத்த வரியில் இருக்கும் 'மீ'யின் கொண்டையைப் போய் இடிக்கும். வரிகளைத் தள்ளி வைத்தால் பக்கம் நீண்டுகொண்டே போகும். சாப்பிடும்போது சாம்பார் பாக்கெட்டில் இருக்கும் எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவேன். என் வீட்டுக்காரர் ஒருநாள், "நான் பேசுறப்ப என் வாயைப் பாக்குறியா, என் சட்டையில இருக்கிற எழுத்தைப் பாக்குறியா?" என்று கேட்டார். சட்டையில் இருந்த எழுத்து உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கடைசியில் ஓர் எழுத்துரு கிடைத்தது. அலங்காரம் ஒன்றும் இல்லாதது. கோடு மெலிசும் இல்லை, தடிமனும் இல்லை. சுழிகள் நன்றாகத் திறந்து, புள்ளிகள் எழுத்தின் தலைமேல் சரியான இடத்தில், கொழுத்து நிற்கும். 'ர'வுக்கும் காலுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நல்ல கறுப்பில் போட்டு வெயிலில் பார்த்தேன். நின்றது. இதுதான் என்று முடிவு செய்து அண்ணியிடம் காட்டினேன்.

அவள் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"படிக்க வருதா?" என்றேன்.

"வருது."

"அப்புறம் இன்னா?"

"ரேஷன் கடையில ஒட்டுவாங்களே, இன்னிக்கு சக்கரை இல்லன்னு. அந்த மாதிரி கீது."

எனக்குச் சுருக்கென்றது. "படிக்க வருதுன்னுதானே சொன்ன? அதான் வேணும்" என்றேன்.

அண்ணி தன் போனை எடுத்தாள். அதில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் படம் இருந்தது. வளைந்து நெளிந்த எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் ஒரு கொடி சுற்றிக்கொண்டு போகும். "இந்த எழுத்துல போடு" என்றாள்.

"இது கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுறது அண்ணி. கருவாட்டுக்கு இது சரிப்படாது."

"ஏன், கருவாடுன்னா கேவலமா?"

நான் சொன்னது அது இல்லை என்று விளக்கப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. படி இறங்கிப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் டீ கொடுக்கும்போதும் பேசவில்லை. அண்ணியும் நானும் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா சண்டை?" என்றான்.

"எழுத்துச் சண்டை" என்றேன்.

"சொத்து எழுதுறதா?" என்று திடுக்கிட்டான்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியேதான் அந்தக் கதையைச் சொன்னாள். ஒரு தடவை காட்டூர்ப் பக்கம் விற்கப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கூடை காலி. கழுவிக் கவிழ்த்த கூடை. அப்படியும் முன் சீட்டில் இருந்த ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்டக்டரைக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறாள். கண்டக்டர் அண்ணியைப் பின்னால் போய் நிற்கச் சொல்லியிருக்கிறார். நடு பஸ்ஸில் சீட் காலியாக இருந்திருக்கிறது.

"அந்தப் பொம்பள வூட்ல கருவாடு துன்னாமலா இருப்பா? துன்னுவா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் பாப்பா, போன்லயாவது ஒருத்தராவது இதைப் பாத்து, ஷோக்கா கீதுன்னு சொல்லணும். வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி."

பாத்திரம் எடுத்து வைத்துக்கொடுத்துவிட்டு மாடிக்கு வந்தேன்.

எழுத்து படிக்க வர வேண்டும் என்பது என் பக்கம். பார்க்க மரியாதையாக இருக்க வேண்டும் என்பது அண்ணியின் பக்கம். இரண்டும் நியாயம்தான். லேப்டாப்பைத் திறந்து அவள் கேட்ட பத்திரிகை எழுத்தில் சரக்கின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். 'நெத்திலி' சிக்கிக்கொண்டது. 'சென்னாக்கூனி' கொடி பின்னிக்கொண்டு முள்வேலி மாதிரி ஆனது. 'கருவாடு' என்று அடித்தேன். கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சொல்லில் புள்ளியே இல்லை. நான் எத்தனையோ முறை சொன்ன, தின்ற, சுமந்த சொல். அதில் ஒரு புள்ளிகூட இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். தொலைந்துபோக எதுவும் இல்லாத சொல். 'க'வின் வளைவு நிதானமாக ஆரம்பித்தது, 'ரு'வின் வால் கீழே இறங்கிச் சுற்றி வந்தது, 'டு' அதற்குப் பதில் சொல்வதுபோல மேலே திரும்பியது. இந்தக் கொடி எழுத்தை வரைந்தவர் யாரோ தெரியாது, இந்தச் சொல்லுக்காகத்தான் வரைந்திருப்பார் என்று தோன்றியது.

அண்ணியை மாடிக்குக் கூப்பிட்டேன். பக்கத்தின் உச்சியில் அந்த ஒரே சொல்லை மட்டும் கொடி எழுத்தில், பெரிதாக, ஏரித் தண்ணீர் நிறத்தில் போட்டிருந்தேன். கீழே மற்றதெல்லாம் என்னுடைய ரேஷன் கடை எழுத்து. அண்ணி நின்றபடியே பார்த்தாள். பிறகு என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பார்த்தாள்.

"கழுத்துல நகை போட்ட மாதிரி கீது" என்றாள்.

"கீழ இருக்கிறது?"

"அது பரவால்ல. நகை மேலதான் போடுவாங்க. எல்லா எடத்துலயும் போட்டுக்கினா நல்லா இருக்காது."

சண்டை அதோடு முடிந்தது. இனி அளவு மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன். அதுதான் பெரிய கூத்தாக முடிந்தது.

குழுவிடம் காட்டினேன். எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் சின்னதாக இருக்கிறது என்றார்கள். பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். அண்ணி போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்து, "இன்னும் ஒரு சுத்து" என்றாள். எனக்கும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் பட்டது. வெயிலில் வேலை செய்கிறவர்கள், ஈரக் கையோடு போனைப் பிடிக்கிறவர்கள், அவர்களுக்குப் பெரிய எழுத்துதான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பெனியில் என்னோடு இதே வேலை பார்க்கும் தம்பி ஒருவன் உண்டு, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன். அவனுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டேன். உடனே போன் செய்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"ஒரு ஸ்கிரீன்ல ஒரு மீன்தான் வருது. வாளைன்னு போட்டிருக்கீங்க, 'வா' ஒரு ஸ்கிரீன், 'ளை' அடுத்த ஸ்கிரீன்னு வரப்போகுது."

"எங்க மக்களுக்கு அப்படித்தான் வேணும்" என்று கொஞ்சம் கெத்தாகவே சொல்லி வைத்துவிட்டேன்.

கருவாட்டை அனுப்புவதற்குப் பனை ஓலைப் பெட்டிகள் பின்னித் தருவதற்கு டவுனிலிருந்து ஒரு அக்காவை அண்ணி பேசி வைத்திருந்தாள். பழவேற்காடு டவுனின் பழைய முஸ்லிம் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் வீட்டுப் பிள்ளைகள் மூத்த அக்காவை லாத்தா என்று கூப்பிடுவதால் எங்களுக்கும் அவர் லாத்தாதான். அன்று மாதிரிப் பெட்டிகள் கொண்டுவந்தவர் எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்தார். போன் அவர் கைக்கும் போனது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏம்மா இவ்வளவு பெருசு? முகத்துல அறையுது" என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சோதிப்பதற்காக என் முதல் அளவைத் திறந்து கொடுத்தேன், எல்லோரும் சின்னது என்று தள்ளிய அளவு. லாத்தா மடமடவென்று வாசித்துக்கொண்டே போனார். நெத்திலி, வாளை, மடவை, சென்னாக்கூனி, ஒன்றுக்குக்கூடத் தயங்கவில்லை. அண்ணியைவிட அவர் வயதில் மூத்தவர்.

போனில்தான் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். லாத்தாவின் போனை வாங்கி என் பக்கத்தைத் திறந்தேன். என் போனைவிட அவருடையது பழசு, ஓரத்தில் கண்ணாடி கீறல் விட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, அளவை ஒப்பிட்டுப் பெரிய ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சுண்ணாம்புக்குளத்துக்காரி ஒரு விளையாட்டு செய்தாள். லாத்தாவின் முகத்திலிருந்து மூக்குக் கண்ணாடியை மெல்லக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். கையில் ஒரு விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இடுப்பில் கை வைத்து, "எல்லாரும் படிங்க பாக்கலாம்" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு மாறிவிட்டது. போனைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அக்கா" என்றாள் என்னைப் பார்த்து. "எழுத்து நல்லாத் தெரியுது."

அண்ணி கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் வைத்தாள். போனைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கண் அருகில் கொண்டுபோய், "இதுக்கு இவ்ளோ சின்னக் கண்ணு கீதா?" என்று கேட்டாள்.

கண்ணாடி வரிசையாகக் கை மாறியது. ஒவ்வொருத்தியும் போட்டுப் பார்த்து ஒவ்வொன்று சொன்னாள். ஒருத்தி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லாத்தா மட்டும் வெறும் கண்ணோடு உட்கார்ந்து, "கொடுங்கடி, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் முறை. நான் சும்மா பேருக்குத்தான் போட்டேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், கண்ணை வைத்துத்தானே பிழைக்கிறேன்.

போட்டுக்கொண்டு அந்தப் பெரிய அளவைத் திறந்ததும் என் வெப்சைட் என்மேல் பாய்ந்தது. 'வாளை' என்ற சொல் ஒரு நிஜ வாளை நீளத்துக்கு இருந்தது. கம்பெனித் தம்பி எவ்வளவு நாகரிகமாகப் பேசியிருக்கிறான் என்று அப்போது புரிந்தது.

அந்த வாரமே எல்லோரும் கூட்டமாகப் பொன்னேரிக்குப் பஸ் ஏறினோம். அண்ணி எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள், கண் பரிசோதனைக்கா சுற்றுலாவுக்கா என்று கேட்கும்படி இருந்தது. கண் டாக்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்தார். எனக்குப் பரிசோதனை முடிந்ததும், "வெள்ளெழுத்துதான். நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் வர்றது. பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா ஏன் என்று பார்த்தார். "ஒண்ணும் இல்ல மேடம். ரொம்ப நாளா எழுத்து எழுத்துன்னே அலைஞ்சுட்டிருக்கேன். எந்த எழுத்துன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தார்.

கண்ணாடி வந்த அன்று கருவாட்டுப் பந்தலில் ஒரே கொண்டாட்டம். அண்ணி ஊதாச் சட்டம் வாங்கியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டு நிற்கவைத்து ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு மீசை இவ்ளோ நரைச்சுப்போச்சா?" என்றாள். "கண்ணாடியைக் கழட்டு" என்றான் அவன்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து மறுபடியும் வெப்சைட்டைப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு இது இப்டிக் கத்துது?" என்றாள் அண்ணி.

"நீதான் இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்துன்னு சொன்ன."

"நான் சொன்னா நீ செஞ்சிடுவியா?"

அளவைக் குறைத்தேன். ஆனால் பழைய இடத்துக்கே போகவில்லை. எங்களுக்குத்தான் கண்ணாடி வந்திருக்கிறது, வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் இருக்க வேண்டுமே. கண் மங்க ஆரம்பித்து அதை ஒத்துக்கொள்ளாமல் போனைத் தூரத் தூரத் தள்ளிப் பிடிக்கிறவர்கள் எத்தனை பேரோ. எங்களுக்குள்ளேயே அவ்வளவு பேர் இருந்தோம். அதனால் வழக்கமாகக் கம்பெனிக்குச் செய்வதைவிட ஒரு படி பெரிதாக வைத்தேன், வரிகளுக்கு நடுவே நன்றாக மூச்சு விட இடம் கொடுத்தேன். சரக்கைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்றதும் அண்ணியே சொன்னாள், அவள் பேசின மாதிரியே போட்டேன். 'மண்ணுல போடல. வலை மேல போட்டுக் காயவெச்சது. நாங்க சாப்பிடுறதும் இதுதான்.' திருத்திவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், என் வாய்லருந்து வந்தது அப்படியே கெடக்கட்டும்" என்றாள்.

பக்கத்தைத் திறந்துவிட்ட பிறகு சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி மாடிக்கு ஏறி வந்து, "யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். பிறகு ஒரு மத்தியானம் குழுவின் போன் அடித்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். குரல் வயதானவருடையது. சென்னையிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

"இது கருவாடு விக்கிறவங்கதானே? பேரனைக் கூப்பிடாம நானே படிச்சுட்டேன் அம்மா. வழக்கமா அவன்தான் படிச்சுச் சொல்வான். கருவாடுன்னா மூக்கைச் சுளிப்பான். அதனால கேக்கவும் சங்கடம். இது தானா படிக்க வந்துது." கொஞ்சம் நிறுத்தி, "மேல எழுதியிருக்கிறது ரொம்ப லட்சணமா இருக்கு" என்றார்.

அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே மறந்துவிட்டாள், நான்தான் போனை வாங்கிக் கேட்டேன். மடவையும் சென்னாக்கூனியும் கேட்டார். லாத்தாவின் பெட்டியில் வைத்து அண்ணியே கட்டினாள். முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி நேராகப் போட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. பெரும்பாலும் வயதானவர்கள். சிலர் வாங்குவதற்கு முன்னால் பேசுவதற்கே கூப்பிடுவார்கள். சின்ன வயதில் சாப்பிட்டதைச் சொல்வார்கள். அண்ணிக்கு அவர்களோடு பேசப் பிடித்துவிட்டது. கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காய் போடுவதா வேண்டாமா என்று முன்பின் தெரியாத ஒரு அம்மாவோடு அவள் வாதாடிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நிற்கவே இல்லை. ஏரி பொங்கிக் கரையைத் தொட்டது, படகுகளை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். காயவைக்க வழியில்லை, இருந்த சரக்கும் தீர்ந்துவிட்டது. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி ஊதாக் கண்ணாடியோடு மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெப்சைட்ல ஒண்ணு போடணும் பாப்பா. நான் சொல்றேன், நீ அடி."

நான் விசைப்பலகையில் கை வைத்தேன். அவள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெயில் இல்ல. மீன் காயல. பொறுத்துக்குங்க."

"தவிர்க்க முடியாத காரணத்தால் ஆர்டர்கள் தாமதமாகும், சிரமத்துக்கு வருந்துகிறோம்னு போடட்டுமா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"மழைக்கு நாம ஏன் வருந்தணும்? நான் சொன்னதைப் போடு. பெருசா."

பெரிதாகவே போட்டேன், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு. அன்று முழுக்கப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் சரக்கு எங்கே என்று கேட்கவில்லை. உங்க ஊர்ல தண்ணி எவ்வளவு தூரம் வந்திருக்கு, எல்லாரும் வீட்ல பத்திரமா இருக்கீங்களா என்றுதான் கேட்டார்கள். அண்ணி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவருக்கும் நிதானமாக, ஏரியின் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.